தராசைப் பார்க்கும் உரிமை

நல்ல வேலைத்தளம் என்பது எது? கண்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் இருநூறு ஆண்டுகளாக உழைத்துவரும் சமூகத்தின் அனுபவத்தில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. கண்டி நகரின் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அதே விடை பொருந்தும்.

ஒரு வேலைத்தளம் தொழிலாளியை வாழவைக்கிறதா, தேயவைக்கிறதா என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் காட்டுவார்கள். பெரிய கம்பனிகள் உடற்பயிற்சி அறையையும் வருடாந்தச் சுற்றுலாவையும் காட்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத் தொகையைக் காட்டும். தொழில் திணைக்களம் சட்டப் புத்தகத்தைக் காட்டும். இவற்றில் எதுவும் வீண் இல்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தான் செய்த வேலை எப்படி அளக்கப்படுகிறது என்பதைத் தொழிலாளியால் பார்க்க முடிகிறதா? அளவு பிழை என்றால் அதைப் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா? சொன்ன பிறகு மறுநாளும் தலைநிமிர்ந்து வேலைக்கு வர முடிகிறதா? முடிகிறது என்றால் அந்த இடத்தில் மற்ற நலன்கள் ஒவ்வொன்றாக வந்து சேர வழி பிறக்கும். முடியாது என்றால் சட்டம் கொடுத்த நலனும் கைக்கு எட்டாமல் போகும். இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கக் கண்டியைவிடப் பொருத்தமான ஊர் இலங்கையில் இல்லை. 1823இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கியபோதுதான் மலையகத்தில் தென்னிந்தியத் தொழிலாளரின் வரலாறு ஆரம்பமானது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் கண்டி மாவட்டத்தில்தான். ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் அமைந்த தேயிலை அருங்காட்சியகத்தில் டெய்லர் காலத்து இயந்திரங்களைப் பார்க்கலாம். கம்பளைப் பக்கத்தில் பழைய லயன் அறைகளிலேயே அமைந்திருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்து கொண்டுவந்து கொட்டியவர்களின் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் பார்க்கலாம். ஒரே தொழிலின் இரண்டு பக்கங்கள் அவை. வேலைத்தள நலம் என்ற பேச்சு இரண்டாவது பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும்.

கொழுந்து மடுவத்தில் நடப்பது

கொழுந்தெடுக்கும் பெண் ஒருவரின் வேலைநாளைக் கவனியுங்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, எந்த மலை என்று தெரிந்துகொண்டு, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு ஏறவேண்டும். கொழுந்து பொதுவாக ஒரு நாளில் மூன்று முறை நிறுக்கப்படும். முற்பகலில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. ஒவ்வொரு முறையும் சுமையோடு நிறுவை நடக்கும் மடுவத்துக்கு இறங்கி வரிசையில் நிற்கவேண்டும். பை கொக்கியில் மாட்டப்படுகிறது. முள் ஆடி நிற்பதற்குள் ஓர் எண் சொல்லப்படுகிறது. பனியும் மழையும் பட்ட இலை என்று தண்ணீருக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு, முற்றல் இலைக்கு ஒரு கழிவு. மிச்சம்தான் துண்டில் ஏறும். இன்று பல தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. ஆனால் அதன் முகப்பு எழுதுபவரைப் பார்த்து இருக்கிறதா, கொழுந்து கொண்டுவந்தவரைப் பார்த்து இருக்கிறதா என்பதுதான் அந்தத் தோட்டத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இதில் இருக்கும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளமான 1,350 ரூபாயை எடுத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தில் அன்றைய நிறை, அதாவது முழுச் சம்பளத்துக்குப் பறிக்கவேண்டிய அளவு, 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 19 கிலோ பறித்தவருக்கு மூன்று கிலோ கழிக்கப்பட்டால் துண்டில் 16 நிற்கும். நிறை குறைந்தால் அரைப்பேர் என்பது அந்தத் தோட்டத்து வழக்கம் என்றால் அவருக்கு 675 ரூபாய்தான். முழுநாள் உழைப்பு, அரைநாள் கூலி. மூன்று கிலோ கழிவை யார், எந்த அடிப்படையில் தீர்மானித்தார்கள் என்று கேட்கும் இடம் அந்த மடுவத்தில் இருந்தால் அவர் கேட்பார். இல்லாவிட்டால் துண்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போவார். நாட்சம்பளம் எவ்வளவு என்று கொழும்பில் ஆண்டுக்கணக்கில் பேசுகிறோம். அந்தச் சம்பளம் கையில் வருமா வராதா என்பது மடுவத்தில் சில விநாடிகளில் முடிவாகிவிடுகிறது.

ஆய்வுகள் காட்டும் உண்மை

இது மனவருத்தம் சம்பந்தப்பட்ட விடயம் மட்டும்தானே, உடல் நலத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடியான தொடர்பு உண்டு. லண்டனில் அரச ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு 17,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எல்லாரும் ஒரே நகரத்தில் வாழ்பவர்கள், யாரும் பட்டினி கிடப்பவர்கள் அல்லர். ஆனாலும் கீழ்மட்ட ஊழியர்கள் இதய நோயால் இறந்த வீதம் உச்சநிலை அதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைத்தல், இரத்த அழுத்தம் போன்ற காரணங்கள் இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியைத்தான் விளக்கின. மைக்கேல் மார்மொட்டும் அவருடைய குழுவினரும் 1985இல் இரண்டாவது ஆய்வைத் தொடங்கித் தேடியபோது பெரிய காரணமாக வெளிப்பட்டது, தன் வேலையின் மீது ஊழியருக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்பதுதான். அமெரிக்காவில் ரொபர்ட் கராசெக் 1979இலேயே இதைச் சொல்லியிருந்தார். வேலை கடினமாக இருப்பது மட்டும் மனிதரை முறிப்பதில்லை. கடினமான வேலையும் அதில் எதையும் தீர்மானிக்க முடியாத நிலையும் சேரும்போதுதான் முறிக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஜெர்மனியில் பணியாற்றிய யோகானஸ் சீக்ரிஸ்ட் 1996இல் இன்னொரு கண்ணியைச் சேர்த்தார். கொட்டும் உழைப்புக்கும் கிடைக்கும் கைம்மாறுக்கும் இடையே நீதி இல்லை என்ற நிலை நீடித்தால் அதுவே நோயாக மாறுகிறது. கைம்மாறு என்றபோது அவர் பணத்தோடு மதிப்பையும் வேலை நிலைக்கும் என்ற உறுதியையும் சேர்த்தே சொன்னார்.

வைட்ஹால் ஆய்வு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஊழியர்களிடம் கண்ட உண்மை அது. செங்குத்தான மலையில், மழையில், அட்டைக் கடியில், முதுகில் சுமையோடு நிற்கும் ஒருவருக்கு அதன் பாரம் இன்னும் கூடுமே தவிரக் குறையாது. தன் வேலையின் வேகம், அளவு, கழிவு, ஓய்வு என்று எதிலும் சொல் இல்லாத தொழிலுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தேடினால் கொழுந்தெடுப்பு முன்வரிசையில் நிற்கும்.

வாய் திறந்தபோது வந்தவை

மலையகத் தொழிலாளரின் வரலாற்றில் கிடைத்த ஒவ்வொரு நலனும் இந்தச் சொல்லுரிமையோடு பிணைந்தே வந்திருக்கிறது. ஆரம்ப காலத்தில் தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகத் துண்டு என்ற விடுவிப்புச் சீட்டு வேண்டும். கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தால்தான் துண்டு கிடைக்கும். கடன் எவ்வளவு என்பதை எழுதிவைத்தவரும் கங்காணிதான். கணக்கு ஒருவர் கையிலும் அதன் விளைவு இன்னொருவர் தலையிலும் இருந்த ஏற்பாடு அது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. அந்த வேறுபாடு ஒழிந்து ஆண் பெண் சம கூலி வந்தது 1984இல், தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் மனமிரங்கித் தராத ஒன்றைக் கேட்டுத்தான் பெறவேண்டியிருந்தது.

கேட்பதற்குக் கொடுத்த விலையும் கண்டி மலைகளில் எழுதப்பட்டிருக்கிறது. லூல்கந்துரவுக்கு அப்பால், ஹேவாஹெட்டப் பகுதியில் உள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அவர்கள் கேட்டது நாளொன்றுக்குச் சில சதம். அடுத்த ஆண்டு, 1941இல், சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. இன்று தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் வர்த்தமானியில் வெளிவருவது அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

சம்பளம் போதாதா?

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும். பசித்தவனிடம் தராசைப் பற்றியும் மரியாதையைப் பற்றியும் பேசுவது நியாயமா? முதலில் சம்பளத்தைக் கூட்டுங்கள், மற்றவை தானாக வரும் என்பார்கள். சம்பளம் முதன்மையானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. வாழப் போதாத கூலி கொடுக்கும் இடத்தை எந்தச் சொல்லாலும் நல்ல வேலைத்தளம் ஆக்க முடியாது. ஆனால் மற்றவை தானாக வரும் என்பதைக் கடந்த பத்தாண்டு அனுபவம் பொய்யாக்கிவிட்டது.

2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அதில் உறுதியான அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய்தான். மிகுதியில் 60 ரூபாய் வருகைக்கு, 140 ரூபாய் கூடுதல் உற்பத்திக்கு, 30 ரூபாய் தேயிலை விலைக்கு. அந்த நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் 730. 2019இல் அது அடிப்படைச் சம்பளம் 700, விலைப் பங்கு 50 என்று மாறியது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபாய் வந்தது. தொகை வந்தது, ஆனால் வேறொன்று போனது. கூட்டு ஒப்பந்தம் காலாவதியாக, கம்பனிகள் அதிலிருந்து விலகிக்கொண்டன. வேலை நிபந்தனைகளை இருதரப்பும் உட்கார்ந்து பேசுவதற்கு இருந்த முக்கிய எழுத்து ஆவணம் அதுதான். வர்த்தமானி ஆயிரம் ரூபாயைச் சொன்னது, எத்தனை கிலோவுக்கு என்று சொல்லவில்லை. பல தோட்டங்களில் நிறை ஏறியது, வேலைநாட்கள் குறைந்தன, அரைப்பேர் பெருகியது.

காலமும் கெட்ட காலம். 2021இல் இரசாயன உரத் தடை வந்தது. நாட்டின் தேயிலை உற்பத்தி அந்த ஆண்டின் ஏறத்தாழ 30 கோடி கிலோவிலிருந்து 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக விழுந்தது. உரம் இல்லாத செடியில் கொழுந்து வராது. அது கொழுந்தெடுப்பவரின் குற்றம் அல்ல. ஆனால் செடியில் கொழுந்து இல்லை, நிறையைக் குறையுங்கள் என்று சொல்ல அவருக்கு ஒரு மேசை இருக்கவில்லை. மேலிருந்து வந்த ஒரு கொள்கைப் பிழையின் பாரம் கூடையில் வந்து இறங்கியது. அதன் பிறகு 1,700 ரூபாய் என்ற அறிவிப்பு 2024இல் நீதிமன்றத்தில் சிக்கி, கடைசியில் 1,350 ரூபாயாகவும் கூடுதல் கொழுந்துக்கான கொடுப்பனவாகவும் வந்தது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,550 ரூபாய் ஆக்கி, வருகைக்காக அரசு 200 ரூபாய் சேர்த்து, மொத்தம் 1,750 என்று அறிவித்தது. வரவேற்கவேண்டிய உயர்வு. ஆனால் நிறையை யார் நிர்ணயிப்பது, கழிவை யார் சரிபார்ப்பது என்ற கேள்விகளுக்கு விடை இல்லாதவரை எந்தத் தொகையும் மடுவத்தில் தேயும். சொல்லுரிமை இல்லாத சம்பள உயர்வுக்குக் காவல் இல்லை.

சேமலாப நிதியும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகவேண்டும். சட்டத்தில் ஓட்டை இல்லை. ஆனாலும் கண்டி, மாத்தளைப் பகுதிகளில் அரச நிர்வாகத்தின் கீழ் இருக்கும் தோட்டங்களின் சேமலாப நிதி நிலுவையும் பணிக்கொடை நிலுவையும் ஆண்டுக்கணக்கில் பாராளுமன்றம்வரை பேசப்பட்டு வருகின்றன. கவ்வாத்து வெட்டியும் கொழுந்தெடுத்தும் ஓய்வுபெற்றவர்கள் தங்கள் சொந்தப் பணத்துக்காக அலுவலகப் படி ஏறுகிறார்கள். தன் கணக்கில் எவ்வளவு கட்டப்பட்டது என்பதை மாதாமாதம் தன் மொழியில் பார்க்க முடிந்திருந்தால் பத்தாண்டு நிலுவை முதல் மூன்று மாதத்திலேயே பிடிபட்டிருக்கும்.

மலையில் ஒரு மலசலகூடம்

உடல் தேவைகளுக்கு வருவோம். கொழுந்தெடுப்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். காலை முதல் மாலைவரை மலையில் நிற்கிறார்கள். பல தோட்டங்களில் வேலை நடக்கும் மலையில் மலசலகூடம் கிடையாது, கைகழுவத் தண்ணீர் கிடையாது, மழைக்கு ஒதுங்கிச் சோறு தின்ன ஒரு கூரை கிடையாது. மாதவிடாய் நாளிலும் இதே நிலைதான். சிறுநீரை அடக்குவதும் அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் பழக்கமாகிவிடுகின்றன, நோயும் அதன் வழியே வருகிறது. குளவிக் கொட்டு மலையகத்தில் அடிக்கடி வரும் செய்தி, அதில் உயிர்களும் போகின்றன. செடிக்கு அடியில் குளவிக்கூடு இருக்கிறது என்று முதலில் அறிபவர் அந்த மலையில் நிற்கும் தொழிலாளிதான். இந்த நிரையை விட்டுவிட்டு எடுக்கிறோம் என்று அவர் சொன்னால் அது ஏற்கப்படுகிறதா, வேலைக்கள்ளம் என்று கருதப்படுகிறதா என்பதில் ஓர் உயிர் தங்கியிருக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022 ஜூனில் பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அதற்கு முந்திய ஆண்டு இறுதியில் இலங்கை வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா, மலையகத் தமிழரின் வேலை, குடியிருப்பு நிலைமைகளைத் தம் அறிக்கையில் கடுமையாகச் சுட்டிக்காட்டினார். தோட்டத்தில் வீடும் வேலைத்தளமும் பிரிக்க முடியாதவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மண் சரியும் மலைக்கு அடியில் லயன் அறைகளைக் கட்டியது குடியிருந்தவர்களின் தெரிவு அல்ல. எங்கே வாழ்வது என்பதிலும் சொல் இல்லாமல் போனதன் விளைவு அது.

கம்பனிகளின் நியாயங்கள்

கம்பனிகள் சொல்வதையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலிக்கே போகிறது, ஏல விலை எங்கள் கையில் இல்லை, கென்யாவோடும் அசாமோடும் போட்டி போடவேண்டும், இந்த நிலையில் வசதிகளுக்கு எங்கே போவது என்கிறார்கள். பாதி நியாயம் இதில் இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரை முதன்மையாகக் கேட்பதற்குப் பெரிய செலவு இல்லை. தராசின் முகப்பைத் திருப்பிவைக்க எவ்வளவு செலவாகும்? கழிவு விதியை மடுவத்துச் சுவரில் தமிழில் எழுதிவைக்க எவ்வளவு ஆகும்? சொல்லைக் கேட்பதற்குச் செலவு குறைவு. கேட்காமல் இருப்பதன் செலவுதான் அதிகம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனபோது மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் அவற்றில் வேலை செய்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. ஆள் இல்லாமல் எத்தனையோ மலைகள் காடேறிக் கிடக்கின்றன. தோட்டத்தில் குடியிருந்துகொண்டே இளைஞர்கள் கண்டி பஸ்ஸில் ஏறிக் கடைக்கு வேலைக்குப் போகிறார்கள். கடையிலும் சம்பளம் அள்ளிக் கொட்டுவதில்லை. ஆனாலும் போகிறார்கள் என்றால் மலையில் கிடைக்காத மரியாதை ஒன்றைத் தேடிப் போகிறார்கள் என்று கம்பனிகள் புரிந்துகொள்ளவேண்டும்.

பேச விட்டால் ஒழுங்கு கெடும், தலைக்கு மேல் ஏறிவிடுவார்கள் என்பது துரைமார் காலத்திலிருந்து வரும் இன்னொரு மறுப்பு. இதற்குப் பதில் ஒரு வைத்தியசாலை ஆய்வில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் தாதியர் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அவற்றில்தான் தவறுகள் கூடுதலாக இருந்தன. காரணம், அங்கே தவறைப் பயமின்றிச் சொன்னார்கள், சொன்னதால் திருத்தினார்கள். பயமிருந்த குழுக்களில் தவறு மறைந்து கிடந்தது, நோயாளிதான் அனுபவித்தார். தேயிலைக்கும் இது பொருந்தும். கழிவுக்குப் பயந்து எடையைக் கூட்டும் அவசரத்தில் முற்றல் இலையும் சேர்ந்து பறிக்கப்படுகிறது, தேயிலையின் தரம் விழுகிறது, ஏலத்தில் விலையும் விழுகிறது. பயத்தால் வரும் ஒழுங்கு கணக்கில் மட்டும்தான் ஒழுங்கு.

பேச இடம் கொடுத்துப் பார்த்த அனுபவமும் நம் நாட்டிலேயே உண்டு. கேர் நிறுவனம் சில பெருந்தோட்டக் கம்பனிகளோடு சேர்ந்து சமூக அபிவிருத்தி மன்றங்களை அமைத்தது. தொழிலாளர், இளைஞர், தொழிற்சங்கத்தார், நிர்வாகம் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தோட்டத்தின் பிரச்சினைகளைப் பேசினார்கள். செலவிட்டதைவிடப் பல மடங்கு நன்மை கிடைத்தது என்று அதை மதிப்பிட்டவர்கள் கண்டார்கள். கம்பனிகளே இன்று முன்வைக்கும் வருமானப் பகிர்வு முறையும் இதைத்தான் நிரூபிக்கிறது. ஒரு துண்டு மலையைத் தொழிலாளியின் பொறுப்பில் விட்டால் செடி நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, கொழுந்து கூடுகிறது என்கிறார்கள். அப்படியென்றால் தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமையால் உற்பத்தி பெருகும் என்று ஒப்புக்கொள்கிறார்கள். அந்த உரிமையைக் கொடுக்கும்போது சேமலாப நிதியையும் பிரசவ விடுமுறையையும் பறித்துவிடக் கூடாது. கொழுந்தின் விலையை நிறுப்பவரே தனியாகத் தீர்மானிக்கவும் கூடாது. அப்படி நடந்தால் பழைய மடுவம் புதிய பெயரில் வந்ததாகிவிடும்.

குரலுக்குத்தான் தொழிற்சங்கம் இருக்கிறதே என்பது கடைசி மறுப்பு. தொழிற்சங்கம் இல்லாமல் மலையகம் இந்த அளவுக்கும் வந்திருக்காது. அதே காரணத்தால்தான் சங்கத்திடம் கூடுதலாகக் கேட்கவேண்டியிருக்கிறது. சந்தா கட்டுவோரில் பெரும்பகுதி பெண்கள். தோட்டத் தலைவராக நிற்பவர் பெரும்பாலும் ஆண். மலையில் மலசலகூடம் இல்லை என்பது ஒரு நூற்றாண்டாகப் பேச்சுவார்த்தை மேசையின் முதல் வரியாக வராததற்கு வேறு விளக்கம் தேடத் தேவையில்லை. கொழும்பில் ஒப்பந்தம் பேசும் சங்கம், மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கொழுந்தெடுக்கும் பெண்ணை நிறுத்தவேண்டும்.

நகரத்துக்கும் இதே கேள்வி

கண்டி நகரம் தன்னைத் தோட்டத்திலிருந்து வேறாக நினைத்துக்கொள்கிறது. ஆனால் தலதா வீதியின் துணிக்கடைகளிலும் சந்தையைச் சுற்றிய மொத்த வியாபாரக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் பல்லேகல கைத்தொழில் பேட்டையிலும் வேலை செய்வோரில் தோட்டத்துப் பிள்ளைகள் ஏராளம். 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்திருக்கிறது. வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை, ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்று எழுதிவைத்திருக்கிறது. இதை அறியாமல் காலை கடை திறப்பதிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும்வரை நிற்கும் ஊழியருக்கு வேலை நேரத்தைக் குறித்துவைக்கும் பதிவேடுதான் தராசு. அந்தப் பதிவேட்டை அவர் பார்க்க முடிகிறதா? ஆடைத் தொழிற்சாலையில் மணிக்கு எத்தனை உருப்படி என்ற இலக்குதான் தராசு. அதை நிர்ணயிக்கும்போது தையல் இயந்திரத்தில் இருப்பவரிடம் கேட்கப்படுகிறதா? தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்காரும் உரிமைக்காக 2021இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நாள் முழுவதும் நிற்பவரின் கால் வலிக்கும் என்பது எந்த முதலாளிக்கும் தெரியாததல்ல. உட்காரட்டுமா என்று கேட்கும் துணிவை அந்த இடம் கொடுக்கவில்லை, அதனால் சட்டம் பேசவேண்டியதாயிற்று. அளவுக்கு மிஞ்சிய வேலைநேரம் சிறிய விடயம் அல்ல. வாரத்துக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்ததன் விளைவான பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016இல் மட்டும் உலகில் 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மதிப்பிட்டிருக்கின்றன.

செய்யவேண்டியவை தெளிவானவை, பெரும்பாலும் செலவற்றவை. தோட்டத்தில் தராசின் எண் கொழுந்து கொண்டுவந்தவருக்குத் தெரியவேண்டும். கழிவு எவ்வளவு, எதற்கு என்ற விதி தமிழில் எழுதி ஒட்டப்படவேண்டும். மடுவத்தில் எழுதிய மொத்த எடையும் தொழிற்சாலையில் இறங்கிய மொத்த எடையும் தினமும் ஒரே பலகையில் எழுதப்படவேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் அது தொழிலாளியைச் சேரவேண்டும். நிறையை மாதத்துக்கு ஒருமுறை, செடியின் நிலையைப் பார்த்து, கொழுந்தெடுக்கும் பெண்களும் உட்கார்ந்த குழு நிர்ணயிக்கவேண்டும். சம்பளத் துண்டும் சேமலாப நிதிக் கணக்கும் தொழிலாளி வாசிக்கும் மொழியில் வரவேண்டும். முறையிட்டவருக்கு மறுநாள் தூரத்து மலை, கொழுந்தில்லாத மலை என்று தண்டனை கிடைக்காது என்ற உறுதியை நிர்வாகமும் சங்கமும் எழுத்தில் தரவேண்டும். கண்டியில் கடையோ தொழிற்சாலையோ நடத்துபவர்கள் இவற்றையே நேரப் பதிவேட்டுக்கும் உற்பத்தி இலக்குக்கும் பொருத்திக்கொள்ளலாம். தொழில் திணைக்கள அதிகாரிகள் தோட்டத்துக்குப் போனால் அலுவலகத்துப் பதிவேட்டோடு திரும்பாமல் மாலை நிறுவை நடக்கும் நேரத்தில் மடுவத்தில் நிற்கவேண்டும்.

இதை வாசிப்பவர்களில் பலர் யாராவது ஒருவருக்கு வேலை கொடுப்பவர்களாக இருப்பீர்கள். கடையில், அலுவலகத்தில், வீட்டில். உங்கள் ஊழியர் கடைசியாக உங்களிடம் "இது பிழை" என்று எப்போது சொன்னார் என்று நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு நாள் நினைவுக்கு வரவில்லை என்றால் உங்கள் இடத்தில் பிழையே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். சொல்ல இடம் இல்லை என்பதுதான் அதன் பொருள். அந்த இடத்தை இந்த வாரமே உண்டாக்குங்கள்.